இடது பின்கதவு: ஒரு திருத்தம்

மகனே,

உறுதியான செய்தியிலிருந்து தொடங்குகிறேன். உன் நீலக் காரின் இடது பின்கதவில் பள்ளம் விழுந்ததற்குக் காரணம் பள்ளி வேன் ஓட்டும் சன்னாசி அல்ல, நான். ஆதாரம், உன் அத்தை மகளின் கல்யாண வீடியோவில் டிரோனிலிருந்து எடுக்கப்பட்ட முப்பது வினாடிக் காட்சி. திங்கட்கிழமை காலை நானும் உன் அம்மாவும் அதை நான்கு முறை பார்த்தோம். செவ்வாய்க்கிழமை சன்னாசியின் வீட்டுக்குப் போய் அவருக்கும் காட்டினேன். அன்று மாலை உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். பேசி முடிக்கும்போது நீ, "எழுதுங்கப்பா. நான் அந்த வேன் படத்தப் போட்ட எடத்துலயே போடுறேன்" என்றாய். ஆகவே இது உனக்கு எழுதும் கடிதம்தான் என்றாலும், இணையத்தில் நீ போட்ட பதிவைப் படித்து சன்னாசியைத் திட்டியவர்களும் கூடவே உட்கார்ந்து படிக்கட்டும். அவர்களுக்காகச் சில இடங்களில் உனக்குத் தெரிந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அந்தக் காரை நீ எப்படி நேசிக்கிறாய் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாதவர்களுக்கு உன் கோபம் புரியாது. ஜொகூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் விடிவதற்குள் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய கார். சுங்கை பட்டாணிக் கோயிலில் பூசை போட்ட அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு காரின் முன்பக்கம் வந்தார். நீ ஓடிப்போய்க் குறுக்கே நின்றாய். "சாமி, பெயிண்ட் மேல வேணாம் சாமி. கண்ணாடியில வைங்க." அவர் கிண்ணத்தைப் பிடித்தபடி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, கண்ணாடிக்கு மட்டும்தான் கண்ணு படுமா?" என்றார். ஆனாலும் கண்ணாடியில்தான் வைத்தார்.

ஜொகூரில் நிறுத்த இடமில்லை என்று காரை எங்களிடம் விட்டுப் போனபோது, ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாய். மரத்தடியில் நிறுத்தக் கூடாது. லாரி பக்கத்தில் நிறுத்தக் கூடாது. இரண்டு கதவுக் கார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, அதன் கதவு நீளம், திறந்தால் இடிக்கும். குழந்தை இருக்கை வைத்த கார் பக்கத்தில் கூடாது. காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. எப்போதும் கடைசியில், தனியாக நிறுத்த வேண்டும். உன் அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்ப கார வீட்டுலயே நிப்பாட்டிட்டு நாம நடந்து போய்க்கலாம்லா" என்றாள். சிரித்தாலும் அந்தத் தாளை நாங்கள் கிழிக்கவில்லை. பேரங்காடிக்குப் போனால் நான் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தேன். உன் பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கல்யாணத்துக்கு நீ இரண்டு நாள் லீவில் வந்தாய். பாலிங் போகும் வழியில் இருக்கிற எஸ்டேட்டில், கோயில் மண்டபத்தில் கல்யாணம். வாகனங்களை நிறுத்தப் பக்கத்துப் பந்துத் திடலைத் திறந்து விட்டிருந்தார்கள். எல்லாரும் மண்டபத்தை ஒட்டி வரிசையாக நிறுத்த, நீ வரிசை முடிந்து பதினைந்து அடி தள்ளி, வேலியோரம், குறுக்காக, தன்னந்தனியாக நிறுத்தினாய். உன் விதிப்படி அதுதான் பாதுகாப்பான இடம். அந்தத் திடல் வேலிப் பக்கமாக லேசாகச் சரிகிறது. பந்து விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். பட்டு வேட்டியோடு வந்த நமக்குத் தெரியவில்லை.

சன்னாசி அன்று எஸ்டேட்டு உறவினர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். இடமில்லாததால் வரிசைக்குப் பின்னால், மற்ற கார்களை மறித்தபடி வேனை நிறுத்தினார். மறிப்பது நம் ஊரில் குற்றமில்லை, முறைப்படி மறித்தால். கியரை நியூட்ரலில் போட வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். சக்கரத்தை நேராக வைக்க வேண்டும். கண்ணாடிக்குள் தொலைபேசி எண்ணை எழுதி வைக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் முதலில் தள்ளிப் பார்ப்பார், முடியாவிட்டால் கூப்பிடுவார். முன்பின் தெரியாதவர் நம் வண்டியைக் கைவைத்து நகர்த்தலாம் என்று விட்டுப்போகிறோம். இதைப் பற்றி யாரும் யோசிப்பதுகூட இல்லை. சன்னாசி இதற்கும் மேலே ஒன்று செய்வார். ரப்பர் மரத்தில் முக்கோணமாக அறுத்த ஒரு கட்டையைச் சக்கரத்தடியில் செருகி, அதில் கட்டிய நைலான் கயிற்றின் மறுமுனையைப் பக்கக் கண்ணாடியில் மாட்டிவைப்பார். வண்டி எடுக்கும்போது கட்டை மறந்து போகாமல் இருப்பதற்கு.

தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, ஈப்போவுக்குத் திரும்ப வேண்டிய உன் பெரியப்பா மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அவசரப்பட்டார். அவர் காரை வேன் மறித்திருந்தது. நான் தாய்மாமன். கழுத்தில் மாலை. வருகிறவர்களை வரவேற்று, போகிறவர்களை வழியனுப்பி, எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று நடந்துகொண்டிருந்தேன். கயிற்றை அவிழ்த்தேன். கட்டையை எடுத்துப் புல்லில் போட்டேன். தோளைக் கொடுத்து இரண்டு எட்டுத் தள்ளினேன். வேன் நகர்ந்தது. உடனே திரும்பி, பெரியப்பாவின் காருக்குக் கைகாட்ட ஆரம்பித்தேன். "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, போதும், ஒடிங்க." என் முதுகுக்குப் பின்னால் வேன் நிற்கவில்லை. ஆள் நடக்கும் வேகத்தில் நான்கு கார் நீளம் போய், வரிசையைத் தாண்டி, அந்தத் திடலில் தனியாக நின்ற ஒரே காரின் மேல் சாய்ந்தது. நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இவை எனக்கு வீடியோவில் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, கட்டையை எடுத்துவிட்டு நான் தள்ளினேன் என்பது மட்டும்தான். வேன் நின்றது என்று நினைத்தேன். நின்றதைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் பத்திரிகையில் நிருபராகவும் ஆசிரியராகவும் இருந்தவன், பார்த்ததும் நினைத்ததும் வேறு வேறு என்று எத்தனையோ பேரிடம் மேசையைத் தட்டிச் சொன்னவன்.

அடுத்து நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ காரைப் பார்க்கப் போனாய். போனவன் திரும்பி வரவில்லை என்று நாங்கள் வந்தோம். கதவில் ஒரு கைக்குழி அளவு பள்ளம், அதைச் சுற்றி நகம் கீறினாற்போல் நான்கு கோடு. வேனின் முன்பக்கத்தில் உன் நீலம் ஒட்டியிருந்தது. சன்னாசி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஈரத்தோடு ஓடி வந்தார்.

"அங்கிள், லங்கார் பண்ணிட்டு உள்ள போய் சாப்புட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"நான் இடிக்கல தம்பி. நான் அங்கன விட்டேன், அந்தக் கம்பத்துக்கிட்ட. கட்டகூட வச்சிருந்தேன்."

"எங்க கட்ட? காட்டுங்க."

அவர் குனிந்து வேனுக்கடியில் தேடினார். வேன் நகர்ந்து வந்துவிட்டது, கட்டை நான் போட்ட இடத்தில் புல்லுக்குள் கிடந்தது. அவருக்கு எப்படிக் கிடைக்கும்?

"கட்டையும் நடந்து போச்சு, வேனும் நடந்து வந்துச்சு. என் கார் மட்டும்தான் அங்கிள் ஒழுங்கா நின்ன எடத்துல நிக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சன்னாசி நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "யாராச்சும் தள்ளுனீங்களா? தள்ளியிருந்தா சொல்லுங்கய்யா, ஒன்னும் இல்ல." யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த "யாரும்" நான்தான், மகனே. பெரியப்பா அதற்குள் நெடுஞ்சாலை ஏறியிருப்பார். நான் தள்ளியதைப் பார்த்தவர் வேறு யாரும் அங்கே இல்லை. அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு எட்டுத்தானே தள்ளினேன், அதற்குள் நின்றிருக்கும், எனக்குப் பிறகு வேறு யாரோ தள்ளியிருப்பார்கள் என்று ஒரு நியாயத்தைச் செய்துகொண்டேன். கழுத்தில் மாலை இருந்தது. சம்பந்தி வீட்டார் நின்றிருந்தார்கள். "நானும் கொஞ்சம் தள்ளினேன்" என்ற மூன்று வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நீ அன்று கோபப்பட்டது தவறாக இருக்கலாம். ஆனால் உனக்கு உண்மை தெரியாது. எனக்கு அதில் பாதி தெரியும்.

வீடு திரும்பும் வழியில் கோல கெட்டில் தாண்டியதும் அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி உன்னைப் பின்னால் உட்காரவைத்தாள், நீ கைபேசியிலேயே இருந்ததால். அதன் பிறகு ஓட்டியது நான். நீ எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாய். வேனின் எண் பலகை, கண்ணாடிக்குள் அவர் எழுதி வைத்திருந்த தொலைபேசி எண், இரண்டும் தெரிகிற படம். "பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன். இடித்துவிட்டு முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார். இவரை நம்பியா பிள்ளைகளை அனுப்புகிறீர்கள்?" நான் கேட்டுவிட்டு, அதிலிருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னேன். திருத்தினாய். போட்டாய். அந்தப் பதிவில் உன் அப்பன் பார்த்த தவறு அது ஒன்றுதான்.

உனக்கு நான் சொல்லாத ஒரு சம்பவம் இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பண்டார் பாருவில் ஒரு மளிகைக்கடைக்காரரைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேன். வழக்கில் மாட்டியவர் வேறொருவர். அவருக்கும் அதே பெயர், அதே ஊர். நான் கடைவரை நடந்துபோய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மழை என்று போகவில்லை. செய்தி மூன்றாம் பக்கத்தில் படத்தோடு வந்தது. இரண்டு நாள் கழித்துத் திருத்தம் வந்தது, உள்பக்கத்தில், நான்கு வரி, தலைவலி மருந்து விளம்பரத்துக்குக் கீழே. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஏழெட்டு வருடம் கழித்து அந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கதானே அந்தப் பேப்பர்காரரு?" என்று கேட்டார். கோபமில்லாத குரல். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு துண்டை எடுத்தார். அந்த நான்கு வரி. "எப்பவும் கையிலயே வச்சிருக்கேன் சார். யாராவது பழசக் கேட்டா காட்டணும்ல. எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, அவங்களுக்குப் படிக்க முடியல, நானே படிச்சுக் காட்டிடுவேன்." அதன் பிறகு நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு விதி வைத்தேன். தவறு எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவில் வர வேண்டும். நீ செவ்வாய்க்கிழமையே பதிவை நீக்கிவிட்டாய், ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. நீக்கியதை யாரும் பார்ப்பதில்லை, மகனே. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

எட்டு நாள் நான் என் நியாயத்தோடு இருந்தேன். காலையில் கேட்டைத் திறக்கும்போது கார் நிற்கும். பள்ளத்தில் வெளிச்சம் மட்டும் வேறு மாதிரி விழும். பார்க்காமல் போவேன். திங்கட்கிழமை உன் அத்தை வீட்டிலிருந்து கல்யாண வீடியோ வந்தது. அம்மா கைபேசியைச் சாய்த்துவைத்து, கோப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தை மேலிருந்து சுற்றிக் காட்டுகிற இடம் வந்தது.

"இங்க பாருங்க, யாரோ ஒருத்தரு மாலையும் கழுத்துமா வேன் தள்ளுறாரு" என்று சிரித்தாள். பிறகு முகத்தைக் கைபேசியின் கிட்டே கொண்டுபோனாள். "இது உங்க பட்டுச் சட்டல்ல?"

அவள் காட்சியைப் பின்னால் இழுத்து மறுபடி போட்டாள். மேலேயிருந்து பார்க்கும்போது எல்லாம் பொம்மை போலச் சின்னதாக, சத்தமில்லாமல் நடக்கிறது. மாலை போட்ட ஒருவர் குனிந்து எதையோ எடுத்து எறிகிறார். தள்ளுகிறார். திரும்புகிறார். இரண்டு கையையும் ஆட்டி ஒரு காரைக் கூப்பிடுகிறார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேன், யாரும் இல்லாமல், நிதானமாக, நீலக் காரை நோக்கிப் போகிறது. நான்காவது முறை முடிந்ததும் அம்மா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தள்ளினது தெரியும்."

"எட்டு நாளா எப்படிங்க சோறு எறங்குச்சு?" என்றாள். அவள் அதைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் உன் காரை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அந்தத் திடலுக்கு. கம்பத்தருகே புல்லில் கட்டை கயிற்றோடு கிடந்தது. எடுத்துக்கொண்டு சன்னாசியின் வீட்டுக்குப் போனேன். அவர் வேனின் மிதியடிகளைக் கழுவி வேலியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நீலக் காரைப் பார்த்ததும் கை நின்றது. நான் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டாம் முறை, நான் குனிகிற இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தா... கட்ட. கட்ட வச்சிருக்கேன் பாருங்க." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏ, இங்க வா! வச்சிருக்கேன்! கட்ட வச்சிருக்கேன் வந்து பாரு!"

யார் தள்ளினார் என்று அவர் கேட்கவே இல்லை. மனைவி வந்து பார்த்து, திரையையும் என் முகத்தையும் மாறி மாறி ஒப்பிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. "அன்னைக்கு இவரு அத்தன பேரு முன்னால கேட்டாரே சார், யாராச்சும் தள்ளுனீங்களான்னு. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்றார் அந்த அம்மா. சன்னாசிதான் அவரை அடக்கினார். "விடு, வந்து சொல்றாருல்ல."

பிறகு வேன் வாசலில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன்ல திட்டுனாங்க சார், முகம் தெரியாதவங்க. அது பரவாயில்ல, ரெண்டு நாளு திட்டுவாங்க. எனக்கு என்ன பயம்னா, கட்ட வச்சேனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஹேண்ட்பிரேக், நியூட்ரல், எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா எல்லாரும் இல்லன்னு சொல்றப்ப, நாமதான் தப்பா ஞாபகம் வச்சிருக்கமோன்னு ஆயிருச்சு. பதினாலு புள்ளைங்க சார். செஞ்சமா இல்லியான்னு தெரியாத ஆளு ஸ்டேரிங்கத் தொடக்கூடாது. வேன விட்டுறலாம்னு இவகிட்ட சொல்லிட்டேன்."

மகனே, நீ எழுதியது அவரைப் பொய்யர் என்று. அவர் தன்னைப் பொய்யர் என்று நினைக்கவில்லை. அதைவிட மோசமாக, தனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நம்பத் தொடங்கியிருந்தார். ஒன்பது நாளாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். உன் பதிவைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் பகிர்ந்திருக்கிறார். வேறு வேன் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்து, சனிக்கிழமை கூடி முடிவெடுப்பதாக இருக்கிறார்கள். அந்தத் தாய்மேல் எனக்கு வருத்தமில்லை. என் பிள்ளை அந்த வேனில் போயிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கட்டையை அவரிடம் நீட்டினேன். கையில் வாங்கி, மண்ணைத் தட்டிவிட்டு, எனக்கே திருப்பிக் கொடுத்தார். "நீங்களே வச்சுக்குங்க சார். தள்ளுற ஆளு நீங்கதானே. தள்ளி முடிச்சதும் மறுபடி செருகணும், அவ்ளோதான்." அவர் மனைவி சிரித்துவிட்டார். எனக்குக் கோப்பி கிடைத்தது.

அன்று மாலை நான் சொல்லி முடித்ததும் நீ முதலில் கேட்டது, "அவரு எப்படிப்பா இருக்காரு?" என்று. காரைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். "கட்டையும் நடந்து போச்சான்னு கேட்டேன்ல, எல்லாரும் சிரிச்சாங்கல்ல" என்றாய், சின்னப் பிள்ளை மாதிரி. ஆமாம், கேட்டாய். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தச் சிரிப்பில் உன் பங்கைவிட என் பங்கு பெரிது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் பதிவு செய்துவைக்கிறேன். நாளைக்கு யாராவது உன்னிடம் இதைப் பற்றிப் பேசினால் இதைக் காட்டு. எழுத்துப் பெரிதாகவே இருக்கிறது.

இனி காரைப் பற்றி. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அப்பன் என்ற உரிமையில். முதல் பள்ளம்தான் வலிக்கும். உனக்கு நினைவிருக்கிற என் பழைய வெள்ளைக் காரில் கடைசியில் ஐந்து காயம் இருந்தது. முதல் காயம் தஞ்சோங் டாவாயில். கடலுக்குப் போன இரண்டு படகு திரும்பவில்லை என்ற செய்திக்காகப் போயிருந்தேன். மீன்கூடை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று, கார் வாங்கி இரண்டே மாதத்தில், கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்தது. வண்டிக்காரரைத் திட்டித் தீர்த்தேன். திரும்பினால், படகுக்காரர் ஒருவரின் மனைவி என் காரில் சாய்ந்து, சரியாக அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஆற்றுமுகத்தையே பார்த்தபடி நின்றிருந்தார். கையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதியம்வரை அவர் அங்கேயே நின்றார், நானும் நின்றேன். இரண்டு படகும் வந்துசேர்ந்தன. அந்தக் கோட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று அதன் பிறகு எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது காயம் உன் அம்மா வண்டி ஓட்டப் பழகியபோது நம் வீட்டு கேட்டில். "நான் நேராத்தான் எடுத்தேன், கேட்டுதான் கிட்ட வந்துச்சு" என்று இன்றுவரை சாதிக்கிறாள். மூன்றாவது நீ. சைக்கிளின் கைப்பிடியால். உனக்கு எட்டு வயது. இரண்டு நாள் என் முன்னால் வராமல் சமையலறைப் பக்கமாகவே வந்துபோனாய். மூன்றாம் நாள் நீயே வந்து, "நான்தான்பா" என்றாய். அதற்குள் நான் பக்கத்து வீட்டுப் பையன்மேல் சந்தேகப்பட்டு அவன் அப்பாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, நீயும் நானும் சொன்னோம். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இந்த ஒன்பது நாளில் பலமுறை நினைவு வந்தது. எட்டு வயதில் நீ இரண்டு நாள்தான் எடுத்துக்கொண்டாய்.

ஆகவே காரைத் தொலைவில் நிறுத்துவதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நிறுத்து. துடை. ஈரத் துணியால்தான் துடை. ஆனால் பள்ளம் விழுந்தால், விழுந்த உடனே படம் எடுக்காதே. காரை ஒரு முறை சுற்றி நட. பக்கத்தில் நிற்பவர்களிடம் கேள். பதில் வராவிட்டால், உன் வீட்டாரிடம் இன்னொரு முறை கேள்.

இனி, நிலுவையில் இருப்பவை. கதவைத் தட்டி நிமிர்த்தி வண்ணம் பூசுவதா, அப்படியே விடுவதா என்று நீ இன்னும் சொல்லவில்லை. அது உன் முடிவு, நான் எங்கும் கொண்டுபோய்க் காட்டவில்லை. சன்னாசி வேனை விடுவதில்லை என்று மனம் மாறிவிட்டார், செவ்வாய்க்கிழமையே சொன்னார். ஆனால் பெற்றோர்களின் முடிவு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கல்யாணம் நடந்த அதே மண்டபத்தில். நான் ஒன்பதரைக்கே அங்கே இருப்பேன், வீடியோவோடு. உன் அம்மாவும் வருகிறாள், நான் ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துச் சொல்வதற்கு. உனக்கு லீவு கிடைக்குமா என்பது வியாழக்கிழமை தெரியும் என்றாய். கிடைத்தால் ஜொகூர் பேருந்து சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு சுங்கை பட்டாணி வந்துசேரும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்நேரம் நான் பேருந்து நிலையத்தில் நிற்பேன். வரிசையின் நடுவில்தான் நிறுத்துவேன், மற்ற கார்களோடு, சக்கரத்தடியில் கட்டை வைத்து. அங்கே நீலக் கார் நிறைய நிற்கும். இடது பின்கதவைப் பார்த்து வா.

அப்பா